கேரளாவுக்குக் குடிபோகிறீர்களா? லாரியில் சாமான் ஏற்றுமுன் இதைப் படியுங்கள்

போன வருஷம் ஜூன் இரண்டாவது வாரம் திருப்பூரிலிருந்து கொச்சிக்கு வீட்டைக் காலி செய்துகொண்டு போனேன். மாதத்தைப் பார்த்ததுமே விவரம் தெரிந்தவர்கள் சிரித்திருப்பார்கள். "பாலக்காடு தாண்டினா ஆச்சு, வெளிநாடா போறோம்?" என்றுதான் நானும் நினைத்தேன். வேலை, வீடு, வண்டி, மகளின் பள்ளி எல்லாம் ஒழுங்குக்கு வர நாலு மாதம் ஆனது. ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததில் பாதிக்குக் காரணம், எதை முதலில் செய்ய வேண்டும் என்று தெரியாததுதான். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். என் அனுபவம் கொச்சி, காக்கநாட்டுப் பக்கம். காகித வேலையெல்லாம் மாநிலம் முழுக்க ஏறக்குறைய இதேதான்.

1. முதலில் மாதத்தைப் பாருங்கள்

தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1-ஐ ஒட்டித் தொடங்கும். ஜூன், ஜூலை இரண்டும் உச்சம். அக்டோபர், நவம்பரில் துலா மழை என்று இன்னொரு சுற்று வரும். அது பெரும்பாலும் சாயங்காலத்தில் இடியோடு கொட்டிவிட்டுப் போய்விடும். வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர், நம் ஊரைப் போல மூன்று மடங்கு. பள்ளிக்கூடமும் ஜூன் தொடக்கத்தில்தான் திறக்கும். அதனால் ஏப்ரல் கடைசி அல்லது மே முதல் பாதியில் போய் இறங்கிவிடுங்கள்.

நான் ஜூனில் போய் என்ன ஆனது? மெத்தை நனைந்தது. அட்டைப்பெட்டிகளைப் பிரிக்காமல் மூன்று வாரம் சுவரோரம் அடுக்கி வைத்திருந்தேன். பிரித்தபோது தோல் பெல்ட், கல்யாண ஆல்பம், என் ஒரே நல்ல ஷூ எல்லாவற்றின் மேலும் சாம்பல் பச்சையில் பூஞ்சை. மேல்வீட்டுச் சேச்சி (அக்கா) பார்த்துவிட்டு, "பூப்பல் (பூஞ்சை)! அலமாரிக்குள்ள ஒரு பழைய குண்டு பல்பு போட்டு வைக்க வேண்டாமா?" என்றார். அந்த ஊரில் பல வீடுகளில் அலமாரிக்குள் பல்பு இருப்பதன் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது.

2. எங்கே குடியிருப்பது

கேரளா மேற்கே கடலுக்கும் கிழக்கே மலைக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் ஒரு பட்டை. 14 மாவட்டம், சுமார் 590 கிலோமீட்டர் கடற்கரை, 44 ஆறு. 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 860 பேர். இந்த எண்ணிக்கையை நீங்கள் கண்ணால் பார்ப்பது ரோட்டோரத்தில்தான். ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. தென்னைக்கு நடுவே ஒரு வீடு, அதற்கடுத்து இன்னொரு வீடு என்று போய்க்கொண்டே இருக்கும். "டவுனை விட்டு வெளியே போனால் வாடகை குறையும்" என்ற நம்மூர்க் கணக்கு இங்கே பாதிதான் எடுபடும். பஸ் ஸ்டாப்புக்குப் பக்கமா, கார் உள்ளே போகுமா என்பதை வைத்துத்தான் வாடகை.

மக்களைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருந்தால் நாட்காட்டியைப் பார்க்க உதவும். அதே கணக்கெடுப்பின்படி இந்துக்கள் சுமார் 55 சதவீதம், முஸ்லிம்கள் 27, கிறிஸ்தவர்கள் 18. இது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். மலப்புறத்தில் ரம்ஜான் மாதம் பகலில் பல ஹோட்டல்கள் அடைத்திருக்கும். கோட்டயத்தில் ஞாயிறு காலை சர்ச் முடியும் நேரத்தில் ரோடு நகராது. ஓணம் எல்லோருக்கும் பொது. அந்த வாரம் எந்த ஆபீஸ் வேலையையும் நம்பி லீவு போடாதீர்கள். தமிழ் பேசிக்கொண்டே காலம் தள்ள வேண்டும் என்றால் பாலக்காடு, இடுக்கி, திருவனந்தபுரத்தின் தெற்கு ஓரம். கொச்சியில் வாத்துருத்திப் பக்கம் தமிழ்த் தொழிலாளர்கள் நிறைய.

வீடு பார்க்கப் போகும்போது இரண்டு கேள்வியை மறக்காமல் கேளுங்கள். ஒன்று, 2018 பிரளயத்தில் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது? புரோக்கரிடம் கேட்காதீர்கள். எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டே கேளுங்கள், சுவரில் கை வைத்தே காட்டுவார்கள். ஆலுவா, பறவூர், சாலக்குடி பக்கம் போகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். இரண்டு, கிணற்றுத் தண்ணீரா, வாட்டர் அதாரிட்டி பைப்பா, டேங்கர் லாரியா? கடலோரத்தில் கிணறு உப்புக் கரிக்கும். சில இடங்களில் தண்ணீர் இரும்புக் கறையோடு வந்து வெள்ளைத் துணியை மஞ்சளாக்கிவிடும். மழைக்காலத்தில் எல்லாக் கிணறும் நன்றாகத்தான் தெரியும். மார்ச்சில் எப்படி என்று கேளுங்கள்.

3. வாடகை ஒப்பந்தம்: இது சரியாக இருந்தால் மற்றதெல்லாம் நகரும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். ஆதார், கேஸ், வண்டி, பள்ளி எல்லாமே இந்தத் தாளில்தான் தொங்குகின்றன. என் முதல் ஒப்பந்தத்தில் மூன்று தவறு. அந்த மூன்றுக்காகவே புதிதாக ஒன்று எழுத வேண்டியதாயிற்று.

முதல் தவறு பெயர். ஆதாரில் என் இனிஷியல் முன்னால் இருக்கிறது. அந்த ஊரில் இனிஷியலைப் பெயருக்குப் பின்னால் போடுவது வழக்கம். டைப் செய்தவர் பழக்கதோஷத்தில் பின்னால் தள்ளிவிட்டார். கவுண்டரில் "பேர் வேறயாணல்லோ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆதாரில் எப்படியோ அப்படியே, புள்ளி, இடைவெளி உட்பட.

இரண்டாவது, வீட்டு எண். கேரளாவில் வீட்டு எண் என்பது வார்டு எண்ணும் கதவு எண்ணும் சேர்ந்தது. வார்டு எல்லையை மாற்றியமைக்கும்போது எண்ணும் மாறிவிடும். கேட்டில் பெயின்ட் அடித்திருக்கும் எண் பழசாக இருக்கலாம். வீட்டு வரி ரசீதில் உள்ள எண்தான் செல்லும்.

மூன்றாவது, ஊர் பெயர் மட்டும் போட்டு, பஞ்சாயத்தா நகராட்சியா, எந்த வில்லேஜ், எந்தத் தாலுகா என்பதை விட்டுவிட்டது. நம் ஊரில் தெருப் பெயர் இருந்தால் போதும். அங்கே பல வீடுகளுக்குத் தெருப் பெயரே கிடையாது, வீட்டுக்குத்தான் பெயர். ஆகவே வீட்டுப் பெயர், வார்டு/கதவு எண், உள்ளாட்சி, வில்லேஜ், தாலுகா, பின்கோடு எல்லாம் வரவேண்டும்.

ஒப்பந்தம் வழக்கமாக 11 மாதத்துக்கு, முத்திரைத் தாளில். ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்து, கடைசியில் இரண்டு சாட்சி. கையெழுத்துப் போடும் அன்றைக்கே உரிமையாளரிடம் வீட்டு வரி ரசீது நகல், கடைசி கரண்ட் பில் நகல் இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் கேட்டால் அவர் துபாயிலோ தோஹாவிலோ இருப்பார்.

செலவு? எனக்கு வாடகை 15,000, அட்வான்ஸ் 50,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. பெயின்ட் அடிக்க, சுத்தம் செய்ய எவ்வளவு கழிப்பார் என்பதை அப்போதே எழுதி வாங்குங்கள். போலீஸ் ஸ்டேஷனில் கொடுப்பதற்காக உங்கள் அடையாள அட்டை நகலை உரிமையாளர் கேட்டால் சங்கடப்படாமல் கொடுங்கள், அது அங்கே வழக்கம்.

4. சாமான் இறக்கும் நாள்

லாரி போய் நின்ற பத்தாவது நிமிஷம் ஒரே நிறச் சட்டையில் நாலு பேர் வந்தார்கள், சுமட்டுத் தொழிலாளிகள், அதாவது சுமை தூக்குகிறவர்கள். நான் திருப்பூரிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்திருந்தேன். "நாங்கள் இறக்கினாலும் இறக்காவிட்டாலும் இவ்வளவு" என்று ஒரு தொகை சொன்னார்கள். மழை வேறு. பேசிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டேன்.

கொடுத்திருக்க வேண்டியதில்லை. நின்று பார்த்ததற்குக் கூலி, அதாவது நோக்குகூலி, 2018 மே 1 முதல் தடை. வீட்டுச் சாமானை நீங்களோ உங்கள் ஆட்களோ இறக்கிக்கொள்ளலாம். அவர்களையே இறக்கச் சொன்னால் தொழிலாளர் துறை நிர்ணயித்த கூலிப் பட்டியல் உண்டு. எண்ணிக்கையைப் பேசிவிட்டு, வேலை முடிந்ததும் ரசீது கேளுங்கள். நியாயத்துக்குச் சொல்ல வேண்டும்: ஆறு மாதம் கழித்து எங்கள் பீரோவை மூன்றாவது மாடிக்கு ஏற்றிய ஆட்கள் பட்டியல் கூலிக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை, ஒரு கீறலும் விழவில்லை. தகராறு என்றால் தொழிலாளர் அலுவலகம், அவசரமென்றால் 112. அதற்கு முன்னால் வீட்டுக்காரரை வாசலில் நிற்கச் சொல்லுங்கள். உள்ளூர்க்காரர் நின்றால் பாதிப் பேச்சு குறைந்துவிடும்.

5. முதல் மாதத்தில்: ஆதார், கேஸ், கரண்ட், ரேஷன்

ஆதார். ஆட்டோக்காரரிடம் "ஆதார் திருத்தணும்" என்றேன். நேராக ஓர் ஆபீஸில் இறக்கிவிட்டார். உள்ளே போனால் பத்திரம் எழுதுகிறவர். மலையாளத்தில் "ஆதாரம்" என்றால் சொத்துப் பத்திரம், "ஆதாரமெழுத்து" என்றால் பத்திர எழுத்தர் ஆபீஸ்! நீங்கள் கேட்க வேண்டியது "அக்ஷயா". அக்ஷயா கேந்திரம் நம் ஊர் இ-சேவை மையம் மாதிரி, அநேகமாக எல்லா ஊரிலும் உண்டு. கட்டணப் பட்டியல் சுவரில் இருக்கும், அதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். முகவரி மாற்றத்துக்கு 75 ரூபாய். ஒப்பந்தத்தை ஏற்காவிட்டால் பஞ்சாயத்துத் தலைவர் அல்லது நகராட்சிக் கவுன்சிலரிடம் ஆதாருக்கென்று உள்ள படிவத்தில் போட்டோ ஒட்டிக் கையெழுத்து வாங்கலாம். அந்தச் சான்று மூன்று மாதம்தான் செல்லும். முதலில் உங்களுடையதை மாற்றுங்கள். மனைவி, பிள்ளைகளுக்குக் குடும்பத் தலைவர் என்ற முறையில் ஆன்லைனிலேயே நீங்கள் ஒப்புதல் தரலாம், தனித்தனி முகவரி ஆவணம் தேவையில்லை. எனக்குப் 11 நாளில் வந்தது. ஒரு மாதம் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

கேஸ். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து டெர்மினேஷன் வவுச்சர் வாங்குங்கள், புது ஊரில் அதைக் காட்டி இணைப்பு எடுங்கள். அன்று நீங்கள் கட்டிய டெபாசிட்தான் திரும்பி வரும். புதிதாகக் கட்டுவது இன்றைய தொகை: சிலிண்டருக்கு 2,200, ரெகுலேட்டருக்கு 250. பாஸ்புக்கைத் தொலைத்திருந்தால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே ஏஜென்சியில் சொல்லிவிடுங்கள்.

கரண்ட். கே.எஸ்.இ.பி. (கேரள மின்வாரியம்) பில்லும் நம் ஊரைப் போல இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான். நம் ஊரில் எல்லோருக்கும் கிடைக்கும் 100 யூனிட் இலவசம் அங்கே கிடையாது. அதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. மாதம் 250 யூனிட் வரை படிப்படியாக விலை ஏறும். அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விலை. அதாவது இரண்டு மாதப் பில்லில் 500 என்பது கோடு. ஏப்ரலில் இரண்டு ஏசி ஓடும் வீட்டில் 490-க்கும் 510-க்கும் உள்ள வித்தியாசம் இருபது யூனிட்டின் விலை மட்டும் இல்லை. குடிபோகும் அன்றே மீட்டரைப் போட்டோ எடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். புகார் எண் 1912. மழைக்காலத்தில் மனப்பாடமாகிவிடும்.

ரேஷன். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில், மத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் உள்ள அட்டைக்கு அங்கேயும் அரிசி கிடைக்கும். தமிழ்நாடு அரசு தரும் பருப்பு, பாமாயில் எல்லாம் கிடைக்காது. நிரந்தரமாக அங்கேயே என்றால் இங்கே பெயரை நீக்கிவிட்டு அங்கே அட்டை எடுக்கலாம். மஞ்சள், பிங்க், நீலம், வெள்ளை என்று வருமானத்தைப் பொறுத்து நிறம். ஓரிரு வருஷத்தில் திரும்புகிறவர்கள் இங்குள்ள அட்டையைத் தொடாதீர்கள்.

6. வண்டி: பணமும் பொறுமையும் அதிகம் போகும் இடம்

வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் குடியிருக்கும் மாநிலத்தில் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். "யார் பார்க்கப் போகிறார்கள்" என்று இருக்காதீர்கள், பார்க்கிறார்கள்.

இங்கிருந்து கிளம்புமுன் செய்ய வேண்டியது, நம் ஆர்.டி.ஓ.வில் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்குவது. படிவம் 28, ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, வரி கட்டிய விவரம், வண்டி லோனில் இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதம். படிவத்தில் சேஸிஸ் நம்பரின் பென்சில் பதிவு கேட்பார்கள். நம்பர் பொறித்த இடத்தில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்க வேண்டும். என் பைக்கில் அந்த இடத்தில் பத்து வருஷக் கிரீஸ். முதல் நாள் துடைக்காமல் போய் மூன்று தாள் வீணானது. வீட்டிலேயே டீசல் துணியால் துடைத்துவிட்டுப் போங்கள்.

இரண்டு எச்சரிக்கை. நிலுவையில் ஒரு இ-சலான் (போக்குவரத்து அபராதம்) இருந்தாலும் விண்ணப்பம் நகராது, முதலில் பரிவாகன் தளத்தில் பார்த்துக் கட்டிவிடுங்கள். அடுத்தது, என்.ஓ.சி.யில் எந்த ஆர்.டி.ஓ.வுக்குப் போகிறீர்கள் என்று எழுத வேண்டும். வீடு முடிவாகாமல் குத்துமதிப்பாக எழுதாதீர்கள். எர்ணாகுளம் கே.எல். 07, திருப்பூணித்துறை 39, ஆலுவா 41 என்று பத்து இருபது கிலோமீட்டருக்குள் மூன்று அலுவலகம். நான் ஒன்றை எழுதினேன், வீடு இன்னொன்றின் எல்லையில் அமைந்தது. திரும்ப வந்து மாற்றி வாங்க இரண்டு நாள் லீவும் பஸ் காசும் போனது.

அங்கே போனதும் படிவம் 27, புது முகவரி ஆதார், என்.ஓ.சி. எல்லாம் கொடுத்து, மீதமுள்ள காலத்துக்கு வரி கட்டி, வண்டியைக் காட்ட வேண்டும். வரி வண்டியின் விலையையும் வயதையும் பொறுத்தது. காருக்குப் பெரிய தொகை வரும், முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். புது ஆர்.சி. வந்ததும் அதன் நகலோடு தமிழ்நாட்டில் கட்டிய வரியின் மீதியைத் திரும்பக் கேட்கலாம். எனக்கு அது வர ஏழு மாதம். மத்திய அரசு ஊழியர்கள், நாலு மாநிலத்திலோ அதற்கு மேலோ கிளை உள்ள கம்பெனிக்காரர்கள் புது வண்டி வாங்குவதாக இருந்தால், மாநிலம் மாறினாலும் மறுபதிவு தேவைப்படாத பி.எச். வரிசை எண் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் இந்தக் கஷ்டமே இல்லை. பத்து வருஷ பைக் வைத்திருப்பவர்கள் விற்றுவிட்டு அங்கே ஒன்று வாங்குவதே லாபம் என்பது என் கருத்து.

பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட். 2023-லிருந்து மாநிலம் முழுக்கக் கேமரா, 500 ரூபாய் அபராதம் வீட்டுக்கே வரும்.

7. பள்ளி

டி.சி., பிறப்புச் சான்று, ஆதார் நகல். சில பள்ளிகள் வேறு மாநில டி.சி.யில் கல்வி அதிகாரியின் மேலொப்பம் கேட்கும். கிளம்புமுன் வாங்கிவிடுங்கள், அங்கிருந்து வாங்க முடியாது. 2017-ல் வந்த சட்டத்தால் பத்தாம் வகுப்பு வரை மலையாளம் ஒரு பாடம், சி.பி.எஸ்.இ. பள்ளியிலும்தான். வெளிமாநிலப் பிள்ளைகளுக்குச் சலுகை உண்டு, சேரும்போதே எழுதிக் கேளுங்கள். நாலாம் வகுப்பு சேர்ந்த என் மகள் ஓணத்துக்குள் பஸ் போர்டு படித்துவிட்டாள். நான் இன்னும் அவளைக் கேட்டுத்தான் ஏறுகிறேன்.

8. குப்பையும் வார்டு மெம்பரும்

பச்சைச் சட்டை போட்ட இரண்டு பெண்கள் மாதம் ஒரு முறை வருவார்கள், ஹரித கர்ம சேனை, அதாவது உள்ளாட்சிக்காக வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் குழு. பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்துத் தனியே கட்டித் தர வேண்டும். பஞ்சாயத்துகளில் பெரும்பாலும் மாதம் 50 ரூபாய், நகராட்சியில் கொஞ்சம் கூட. "எங்க வீட்ல பிளாஸ்டிக்கே இல்ல" என்று திருப்பி அனுப்பாதீர்கள். பின்னால் உள்ளாட்சி அலுவலகத்தில் ஏதாவது சான்று கேட்டுப் போனால் அந்த ரசீதைக் கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள், நாலு மாத பாக்கியை ஒரே தடவையில் கட்டினேன். சமையல் கழிவு உங்கள் பொறுப்பு. வாசலில் தொட்டி வைத்தால் லாரி வந்து அள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள், பல ஊர்களில் அது கிடையாது.

வார்டு மெம்பரை முதல் வாரமே போய்ப் பாருங்கள். நம் ஊரில் கவுன்சிலரைப் பார்க்க ஆள் பிடிப்போம். எங்கள் மெம்பர் அங்கன்வாடிக்குப் பக்கத்து வீடு, ஸ்கூட்டரில் வருவார், போனைத் தானே எடுப்பார். எந்தக் கட்சி என்று பார்க்க வேண்டாம், கையெழுத்து எல்லோருக்கும் போடுவார். ஆனால் டீக்கடையில் உங்கள் கட்சி எது என்று நிச்சயம் கேட்பார்கள், அதற்கு ஒரு பதில் தயார் செய்துகொள்ளுங்கள்.

9. பேச்சு

தமிழ் அவர்களுக்குப் புரியும், மெதுவாகப் பேசினால். ஆனால் ஒரே மாதிரி இருக்கும் சொற்கள்தான் காலை வாரும். "வெள்ளம்" தண்ணீர், "பனி" காய்ச்சல், "பட்டி" நாய். "அவசரம்" என்றால் வாய்ப்பு. கவுண்டரில் நான் "அவசரம், அவசரம்" என்று கெஞ்சியபோது அந்தம்மா விழித்ததற்கு அதுதான் காரணம். "அத்யாவசியம்" என்று சொல்லுங்கள். மழைக்கு அப்புறம் "எலிப்பனி" என்று பேப்பரில் வந்தால் அது எலிக்காய்ச்சல். தேங்கிய தண்ணீரில் இறங்கி நடந்த பின் காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுப் பார்க்காமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மலையாள வினையில் நம்மைப் போல மரியாதை விகுதி இல்லை. "சார் வந்நு" என்பார்கள். மரியாதைக் குறைவாகத் தோன்றும், அப்படி இல்லை. மரியாதை கூப்பிடும் சொல்லில் இருக்கிறது. முன்பின் தெரியாதவரிடம் "நிங்ஙள்" என்று ஆரம்பித்தால்கூட முரட்டுத்தனமாகப் படலாம். அதனால் ஆபீஸில் சார், மேடம். வெளியே சேட்டன் (அண்ணன்), சேச்சி. முஸ்லிம் பகுதிகளில் அதற்கே இக்கா, இத்தா. நம்மை "பாண்டி" என்று யாராவது சொன்னால் அது வசவுதான். எனக்கு ஒரே ஒரு முறை நடந்தது, பக்கத்தில் இருந்த மலையாளிகளே அவரை அதட்டினார்கள்.

ஹோட்டலில் இளஞ்சிவப்பாக வெந்நீர் வைத்தால் பயப்படாதீர்கள், பதிமுகம் என்ற மரத்தின் துண்டுகளைப் போட்டுக் கொதிக்க வைத்தது. பஸ்ஸில் முன்பக்க சீட்டுகள் பெண்களுக்கு. ஆட்டோ குறைந்தபட்சம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு 30 ரூபாய், இரவு 10 மணிக்கு மேல் பாதி கூடுதல்.

கடைசியாக, ஆபீஸ்களில் அடிக்கடி காதில் விழும் இரண்டு சொல். "நோக்காம்" என்றால் பார்க்கலாம், அதாவது இன்றைக்கு நடக்காது. "சரியாக்காம்" என்றால் செய்து தருகிறேன், அநேகமாகச் செய்தும் தருவார்கள், ஆனால் எப்போது என்பது அதில் இல்லை. உடனே "எப்போள் வரணம், சார்?" என்று கேளுங்கள். சொல்லும் தேதியை அவர் கண்முன்னாலேயே ரசீதின் பின்னால் எழுதிக்கொண்டு வாருங்கள்.